கதவுக்கு மேலே ஏற்றிய குழாய்

கொதிகலன் அறைக்குள் முதல் நாள் வருகிற எல்லாரும் நெருப்பைத்தான் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். நெருப்பு கண்ணுக்குத் தெரியும். விறகைப் போட்டால் எழும், இழுத்தால் அடங்கும். தண்ணீர் அப்படியல்ல. குழாய்க்குள் அது ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று வெளியில் நின்று பார்த்துச் சொல்ல முடியாது.

வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது சொல்லும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். கொதிகலனை எப்படிக் கழுவுவது, எத்தனை நாளைக்கு ஒருமுறை எதைச் சோதிப்பது என்பதெல்லாம் உங்கள் கைநூலில் இருக்கிறது. நான் ஒரே ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன். அந்த நாளில் பிழைவிட்டவன் நான்தான். அதனால்தான் அதைத் தெரிந்தெடுத்தேன்.

எண்பத்து மூன்றில் ஒரு தொழிற்சாலையில் கொதிகலன் உதவியாளனாகச் சேர்ந்தேன். சண்டையில் அந்த இடம் மூடப்பட்ட பிறகு, நீர்வேலிப் பக்கம் ஒரு சிறிய மகப்பேற்று மருத்துவமனையில் வேலை கிடைத்தது. இருபது கட்டில்கள். பின்புறம் வாழைத்தோட்டம். பிள்ளை பெற்றவர்கள் குளிக்க வெந்நீர் கொடுப்பதற்கென்று விறகில் எரிகிற ஒரு சிறிய கொதிகலன் இருந்தது. அதையும் கிணற்றுப் பம்பையும் ஜெனரேற்றரையும் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

தொண்ணூறில் மின்சாரம் நின்றது. பிறகு டீசலும் கிடைக்காமல் போனது. இருந்த கொஞ்ச டீசலை அவசர சத்திரசிகிச்சைக்கென்று பூட்டி வைத்தோம். குறைமாதக் குழந்தைகளைச் சூடாக வைத்திருக்கும் மின்சாரப் பெட்டிகள் இரண்டும் வெறும் கண்ணாடிப் பெட்டிகளாகிவிட்டன.

யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு, ஓர் அறையைச் சூடாக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் சிரிப்புத்தான் வரும். மார்கழியில் மழையோடு வாடைக்காற்று அடிக்கும்போது நமக்கு ஒரு போர்வை போதும். ஆனால் ஒரு கிலோவுக்குச் சற்று மேலே நிற்கிற குழந்தைக்கு எத்தனை போர்வை போட்டாலும் போதாது. அதன் உடம்பு தானாகச் சூட்டை உண்டாக்கத் தெரியாத உடம்பு. இதை எனக்குச் சொன்னவர் பிரசவ வார்டுக்குப் பொறுப்பாக இருந்த தாதி. அவரை எல்லாரும் சிஸ்ரர் என்றுதான் கூப்பிடுவோம். பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, ஆகவே சொல்லவில்லை. என் வயதுதான் இருக்கும். குரல் உயர்த்தமாட்டார், உயர்த்தத் தேவையும் வந்ததில்லை.

ஒரு நாள் கொதிகலன் கொட்டிலுக்கு வந்து கேட்டார்.

“ஒரு அறையை இரவும் பகலும் ஒரே சூட்டிலை வைச்சிருக்க ஏலுமோ?”

“அறைக்குள்ளை ஒரு அடுப்பு வைக்கலாம் சிஸ்ரர்.”

“புகையை ஆர் குடிக்கிறது? பிள்ளையளோ?”

அவர் போன பிறகு கொதிகலனைப் பார்த்தபடியே இருந்தேன். குளிக்கக் கொடுக்கிற வெந்நீரை ஓர் அறையைச் சுற்றி ஓடவிட்டால் என்ன?

ஓட எண்ணெய் இல்லாமல் நின்றுவிட்ட லொறிகள் அப்போது ஊரெல்லாம் கிடந்தன. இரண்டு சொந்தக்காரர்கள் தங்கள் லொறிகளின் ரேடியேற்றர்களைக் கழற்றித் தந்தார்கள். மூன்றாவதாக வந்தது ஒழுகியது; அதைக் கொட்டில் மூலையில் போட்டுவிட்டேன். நல்லவை இரண்டையும் வார்டின் கடைசி அறையில் சுவரோடு பொருத்தினேன். கொதிகலனிலிருந்து ஒரு குழாய் போகும், ஒரு குழாய் திரும்பி வரும். தண்ணீரைச் சுற்றி ஓட்ட ஒரு சின்ன மின்பம்ப் இருந்தால் வேலை முடிந்தது. மின்சாரம்தான் இல்லை.

பம்ப் இல்லாமலும் தண்ணீர் சுற்றும் என்று படித்திருந்தேன். சூடான தண்ணீர் இலேசாகி மேலே போகும். ரேடியேற்றரில் சூட்டைக் கொடுத்துக் குளிர்ந்த தண்ணீர் கனத்துக் கீழே இறங்கும். இறங்குவது ஏறுவதைத் தள்ளும். படித்திருந்தேனே தவிர, நம்பினேன் என்று சொல்லமாட்டேன். இரண்டுக்கும் உள்ள எடை வித்தியாசம் ஒரு விரற்கடைத் தண்ணீரின் எடைதான். அந்த விரற்கடைதான் அறுபது அடிக் குழாயில் உள்ள தண்ணீர் முழுவதையும் நகர்த்த வேண்டும். அதற்கு அந்த அறையைவிடக் கொதிகலன் தாழ்வாக இருக்க வேண்டும் என்பதால் நிலத்தை வெட்டினோம். ஒரு முழம் மண், அதற்குக் கீழே சுண்ணாம்புக்கல். அலவாங்குக் கடப்பாரையால் ஒரு கிழமை முழுக்க இடித்து, கொதிகலனைக் குழிக்குள் இறக்கினோம்.

முதல் தடவை நெருப்பு மூட்டிவிட்டு, திரும்பி வருகிற குழாயில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு குந்தியிருந்தேன். குழாய் கிணற்றுத் தண்ணீரின் குளிர்ச்சியோடு இருந்தது. கால் மணித்தியாலம் போனது. அரை மணித்தியாலம் போனது. கால் விறைத்து எழும்பலாம் என்று நினைத்தபோது கைக்குக் கீழே ஏதோ மாறியது. சூடு என்று சொல்ல முடியாது. குளிர் கொஞ்சம் விலகியது போல. பிறகு அது வெதுவெதுப்பானது. தண்ணீர் என்னிடமிருந்து புறப்பட்டு, சுவர்களைத் தாண்டி, இரண்டு லொறி ரேடியேற்றர்களுக்குள் நுழைந்து, திரும்பவும் என்னிடம் வந்திருந்தது. யாரும் தள்ளவில்லை. ஒரு சத்தமும் இல்லை. நான் ஓடிப்போய் சிஸ்ரரைக் கூட்டிவந்து காட்டினேன். அவரும் குந்தியிருந்து குழாயில் கையை வைத்தார். கனநேரம் கையை எடுக்கவில்லை.

“தானாப் போகுது” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அந்த அறையில் அதற்குப் பிறகு பல குழந்தைகள் இருந்து தேறிப் போனார்கள். எனக்குள் ஒரு பெருமையும் வளர்ந்தது. அந்தப் பெருமைதான் அடுத்த மார்கழியில் என்னை விழுத்தியது.

சூடான தண்ணீர் போகிற குழாய் அந்த அறைக்குள் நுழையும் இடத்தில் வாசலுக்குக் குறுக்கே, கணுக்கால் உயரத்தில் கிடந்தது. வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாரும் அதைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். ஒரு நாள் தண்ணீர்ச் சட்டியோடு வந்த பணிப்பெண் தடக்குப்பட்டு விழுந்து கையை முறித்துக்கொண்டார். சிஸ்ரர் என்னிடம் வந்து, “உந்தக் குழாயை ஒருக்கா விலத்தித் தாங்கோ” என்று கேட்டார். நான் அன்றைக்கே குழாயை வெட்டி, கதவு நிலையோடு நேரே மேலே ஏற்றி, கதவுக்கு மேலால் கொண்டுபோய், மற்றப் பக்கம் இறக்கினேன். அழகான வேலை. வாசல் வெறுமையானது. தண்ணீரை நிரப்பி நெருப்பு மூட்டினேன், அறை சூடானது. எல்லாரும் மெச்சினார்கள். நான் அதை மறந்துவிட்டேன்.

ஒன்பது நாள் கழித்து, மழை பிடித்த ஒரு காலையில் மற்றப் பணிப்பெண் வந்து, “அண்ணை, அறை கொஞ்சம் குளிருது” என்றார். பத்து மணி இருக்கும். கொதிகலனில் பொருத்தியிருந்த வெப்பமானியைப் பார்த்தேன். வழமையைவிடக் கூடத்தான் காட்டியது. இங்கே சூடு இருக்கிறது, வெளியே வாடைக்காற்று அடிக்கிறது, அதுதான் அறை குளிர்கிறது என்று முடிவு கட்டினேன். விறகு போட்டேன். பதினொன்றரைக்கு மறுபடி வந்தார். “அண்ணை, இன்னும் குளிருது.” மறுபடியும் விறகு போட்டேன். இப்போது யோசித்தால் என் காதில் அறைவது போல இருக்கிறது: வெப்பமானி ஏறுகிறது, அறை இறங்குகிறது. இரண்டும் சேர்ந்து ஒரே ஒரு விடயத்தைத்தான் சொல்கின்றன. நான் அதைக் கேட்கவில்லை. பழகிய கை பழகியதைச் செய்தது.

அந்த நேரம் அறைக்குள் மூன்று குழந்தைகள். அதில் சின்னவள், ஏழாம் மாதத்தில் பிறந்த பெண்குழந்தை. தாய் றீற்றா, குருநகர்க் கடற்றொழிலாளர் குடும்பம். பிள்ளை பிறந்து ஆறாம் நாள். தாய்க்குக் கடுமையான காய்ச்சல், வேறு அறையில் கிடந்தாள். தகப்பன் மரியநாயகம். கடலுக்குப் போகத் தடை, தொழில் இல்லை. தினமும் குருநகரிலிருந்து சைக்கிளில் வந்து, வார்டுக்குள் ஆண்களை விடுவதில்லை என்பதால் சைக்கிள் கொட்டகைக்குக் கீழே பொழுது சாயும்வரை நிற்பார். யாராவது வெளியே வந்தால் முகத்தைப் பார்ப்பார். ஒன்றும் கேட்கமாட்டார்.

பன்னிரண்டரைக்குக் கொதிகலன் அடிக்கத் தொடங்கியது. உள்ளே யாரோ சுத்தியலால் குத்துவது போல முதலில் ஒன்று, பிறகு மூன்று, பிறகு நிறுத்தாமல். குழாய்கள் சுவரில் துள்ளின. சூட்டில் பெருக்கும் தண்ணீர் வெளியேறவென்று கூரைத் தொட்டிக்கு விட்டிருந்த குழாய் கொதிதண்ணீரைத் துப்பியது. அந்தக் காலத்தில் இப்படி ஒரு சத்தம் கேட்டால் செல் விழுகிறது, எறிகணை வெடிக்கிறது என்றுதான் சனம் நினைக்கும். வார்டில் ஒரே கூச்சல். பச்சை உடம்புக்காரிகள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பங்கர்ப் பதுங்குகுழிக்கு ஓட எழும்பிவிட்டார்கள். அதற்குள்ளால் சிஸ்ரரின் குரல் முதல்முறையாக உயர்ந்து கேட்டது.

“ஒருத்தரும் ஓட வேண்டாம்! உது செல் இல்லை, பொயிலர்!”

அடுத்த நிமிடம் குடையும் இல்லாமல் கொட்டிலுக்கு வந்தார். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? குழம்பிப்போய், கையில் ஒரு விறகோடு நின்றேன். போடுவதா, வேண்டாமா என்று தெரியாமல்.

“என்ன நடந்தது?”

“சுண்ணாம்பு அடைச்சிட்டுது போலை, சிஸ்ரர். எங்கடை கிணத்துத் தண்ணி அப்பிடி. பொயிலரைக் கழட்டித்தான் பாக்க வேணும். ஒரு நாள் பிடிக்கும்.”

“ஒரு நாளோ?” அவர் என்னைப் பார்த்தார். “சுண்ணாம்பெண்டு எப்பிடித் தெரியும்? குழாயைத் தொட்டுப் பாத்தனீங்களோ?”

நான் தொடவில்லை. காலையிலிருந்து வெப்பமானியைப் பார்த்தேன், நெருப்பைப் பார்த்தேன். ஒரு குழாயையும் தொடவில்லை.

“நோயாளியைத் தொடாமல் நான் ஒரு மருந்தும் குடுக்கிறேல்லை” என்று சொல்லிவிட்டு, அவரே தொடங்கினார். சூடு போகாமலிருக்கக் குழாயைச் சுற்றி நான் கட்டியிருந்த சாக்கை நான்கைந்து அடிக்கு ஒரு இடத்தில் விலக்கி, புறங்கையால் தொட்டுத் தொட்டு நடந்தார். நான் பின்னால் போனேன். கொட்டிலை விட்டு வெளியே வந்த இடத்தில் சுட்டது. விறாந்தையில் சுட்டது. அறை வாசலடியில் சுட்டது. கதவு நிலையோடு ஏறுகிற குழாயில் அவருடைய தோளுயரம் வரை சுட்டது. உட்காருகிற மர வாங்கொன்றை இழுத்துப் போட்டு ஏறி, கதவுக்கு மேலே கிடந்த குழாயைத் தொட்டார். கையை அதிலேயே வைத்திருந்தார்.

“இஞ்சை பச்சைத் தண்ணி மாதிரிக் கிடக்கு.” மறுபக்கம் இறங்குகிற குழாயையும் எட்டித் தொட்டார். “இதுக்கு அங்காலை முழுக்கக் குளிர்.”

அந்தக் கணத்தில் எனக்கு எல்லாம் விளங்கியது. பச்சைத் தண்ணீரைச் சுடவைக்கும்போது பானையின் உட்பக்கத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீருக்குள் கரைந்திருந்த காற்று அது. எங்கள் குழாய்க்குள்ளும் அந்தக் குமிழிகள் ஒவ்வொன்றாக ஏறிப்போய், எல்லாவற்றிலும் உயர்ந்த இடத்தில் ஒன்றுசேர்ந்து நின்றிருக்கின்றன. ஒன்பது நாளாகச் சேர்ந்து, இன்றைக்குக் குழாயை முழுதாக மூடிவிட்டன. பம்ப் இருந்தால் அடித்துத் தள்ளிக்கொண்டு போயிருக்கும். எங்களிடம் இருந்ததோ ஒரு விரற்கடைத் தண்ணீரின் வலு. அந்த உயர்ந்த இடத்தை உண்டாக்கியவன் நான்.

“சிஸ்ரர், உதை மேலை ஏத்தினது நான்தான்.”

“கேட்டது நான். அதைப் பிறகு கதைப்பம். இப்ப என்ன செய்யலாம்?”

செய்ய வேண்டியது தெரிந்தது. கதவுக்கு மேலே குழாயில் ஒரு துளை போட்டுக் காற்றை வெளியே விட வேண்டும். ஆனால் கீழே கொதிகலன் ஆவியாக அடித்துக்கொண்டிருக்கும்போது துளை போட்டால், வாசலில் நிற்கிறவர்களின் மேல் கொதிதண்ணீர் பீறிடும். அதற்கு முதல் நெருப்பை முழுதாக இழுத்து வெளியே போட்டு, கொதிப்பு அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். இன்னொரு வழியும் மனதில் வந்துபோனது: நெருப்பின்மேல் ஒரு வாளி தண்ணீரை ஊற்றினால் ஐந்து நிமிடத்தில் அடங்கும். ஆனால் பழுக்கக் காய்ந்த இரும்பு பச்சைத் தண்ணீர் பட்டால் வெடித்துப் போகும். பிறகு கொதிகலனே இல்லை. அறை ஏற்கனவே குளிர்ந்து போயிருக்கிறது. அதில் கிடக்கிற குழந்தைகளுக்குச் சூடு வர, நான் முதலில் செய்ய வேண்டியது நெருப்பை அணைப்பது. இதை ஒரு தாதியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

சொன்னேன்.

“எவ்வளவு நேரம்?”

“இரண்டு மணித்தியாலம். மூண்டும் ஆகலாம். பொய் சொல்ல விரும்பேல்லை.”

அவர் அறைக்குள் போய் மூன்று குழந்தைகளின் உள்ளங்கால்களையும் தொட்டுப் பார்த்தார். திரும்பி வந்தபோது தயங்கவில்லை.

“நீங்கள் நெருப்பை இழுங்கோ. நான் மூண்டு மணித்தியாலம் எடுத்துத் தாறன்.”

கம்பியால் கொள்ளிகளை இழுத்து மழைக்குள் போட்டேன். சீறிக்கொண்டு அணைந்தன. கொட்டில் முழுக்க வெண்புகை. அந்த நெருப்பை ஒரு வருடமாக நான் அணையவிட்டதில்லை, குழாயை மாற்றிய அந்த ஒரு நாளைத் தவிர. இப்போது என் கையாலேயே வெளியே அள்ளிக் கொட்டினேன்.

நான் கைத்துளைகருவியோடு வார்டுக்குத் திரும்பியபோது, சிஸ்ரர் தன்னுடைய மூன்று மணித்தியாலத்தை எப்படி எடுத்தார் என்று கண்டேன். இரண்டு தாய்மார் சுவரோடு சாய்ந்திருந்தார்கள். உடுப்பில்லாத குழந்தைகளை அவர்களின் வெறும் நெஞ்சோடு வைத்து, தாயையும் பிள்ளையையும் சேர்த்துச் சேலையால் சுற்றிக் கட்டியிருந்தது. மூன்றாவது, றீற்றாவின் குழந்தைக்குத் தாய் பக்கத்தில் இல்லை. காய்ச்சல்காரியிடம் கொடுக்க முடியாது.

“வெளியிலை நிக்கிற தேப்பனைக் கூப்பிடுங்கோ” என்றார்.

பணிப்பெண் திகைத்துப்போனார். “சிஸ்ரர், ஆம்பிளையளை உள்ளுக்கு விடுறேல்லையே.”

“இண்டைக்கு விடுறம்.”

மரியநாயகம் வாசலில் வந்து நின்றார். மழையில் நனைந்திருந்தார். ஏதோ நடந்துவிட்டது, அதைச் சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, முகத்தில் இரத்தம் இல்லை. சிஸ்ரர் ஒரு துவாயை நீட்டினார்.

“சேட்டைக் கழட்டுங்கோ. நல்லாத் துடையுங்கோ. உங்கடை பிள்ளையை உங்கடை நெஞ்சிலை வைக்கப்போறன். நான் சொல்லுமட்டும் அசையப்படாது.”

“எனக்குத் தூக்கத் தெரியாது மிஸி. இன்னும் நான் தொட்டதே இல்லை.”

“தூக்க வேண்டாம். சாய்ஞ்சிருங்கோ. உங்கடை உடம்புச் சூடுதான் எனக்கு வேணும்.”

வலை இழுத்து இழுத்து இறுகிய அகன்ற நெஞ்சு. அதன் நடுவில் குழந்தையைக் கவிழ்த்து வைத்தபோது அவருடைய ஒரு கை அதன் முதுகு முழுவதையும் மூடிவிட்டது. தலைக்கு ஒரு துணித்தொப்பி. மேலே போர்வை. அவர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் செபித்துக்கொண்டிருந்தது.

நான் அவருக்கு இரண்டு முழத் தூரத்தில், கதவடியில் வாங்கின்மேல் ஏறி நின்று காத்திருந்தேன். கொதிகலனின் அடி மெல்ல மெல்லக் குறைந்தது. கடைசி அடிக்குப் பிறகும் கால் மணித்தியாலம் விட்டேன். அந்தக் கால் மணித்தியாலம்தான் எனக்குக் கடினமாக இருந்தது. கை துருதுருத்தது. சிஸ்ரர் சொன்ன மூன்று மணித்தியாலத்தில் ஒன்றரை போய்விட்டது. ஆனாலும் விட்டேன். பிறகு துளைகருவியைச் சுற்றத் தொடங்கினேன். இரும்புத்தூள் கீழே விழாமல் சிஸ்ரர் ஒரு துணியை ஏந்திப் பிடித்தார். அலகு இரும்பைக் கடந்து உள்ளே போனதும் “ஸ்ஸ்” என்று ஒரு சத்தம். காற்று. பாம்பு சீறுவது போலத் தொடங்கி, ஒரே சீராக வந்துகொண்டேயிருந்தது. ஒன்பது நாளாகச் சேர்ந்த காற்று. பிறகு அது விக்கி விக்கி, இரண்டு துளி வெதுவெதுப்பான தண்ணீர் என் விரலில் விழுந்தது.

துளையில் மரை வெட்டி, கொட்டில் மூலையில் கிடந்த மூன்றாவது ரேடியேற்றரின் அடியிலிருந்த சின்னப் பித்தளைத் திருகைக் கழற்றிவந்து பொருத்தினேன். இனிக் காற்றுச் சேர்ந்தால் திருகைத் திறந்துவிட்டால் போதும். முடித்துவிட்டு, நெருப்பு மூட்ட வேண்டும் என்ற ஒரே யோசனையோடு வாங்கிலிருந்து குதித்தேன்.

“பொறுங்கோ” என்றார் சிஸ்ரர்.

அவர் ரேடியேற்றருக்குப் பக்கத்தில் நின்றார். கை அதன்மேல் இருந்தது.

“வருகுது.”

நான் நம்பவில்லை. கொட்டிலில் நெருப்பே இல்லையே. போய்த் தொட்டேன். மேல் மூலையில் இளஞ்சூடு. நாங்கள் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு விரல், இரண்டு விரல் என்று கீழே இறங்கியது. காலையிலிருந்து நான் போட்ட விறகின் சூடு முழுவதும் கொதிகலனுக்குள் போக வழியில்லாமல் அடைபட்டுக் கிடந்திருக்கிறது. வழி திறந்ததும் தானாகப் புறப்பட்டு வந்துவிட்டது. நெருப்பில்லை, பம்பில்லை, யாருடைய கையும் இல்லை. வெளியே மழை கொட்டுகிறது. உள்ளே நாங்கள் இருவரும் ஒரு பழைய லொறி ரேடியேற்றரில் கைகளை வைத்துக்கொண்டு நின்றோம். இந்த ஒரு வருடமாக நான்தான் தண்ணீரை ஓட்டுகிறேன் என்று நினைத்திருந்தேன். எப்படி ஓட வேண்டும் என்று அதற்குத் தெரிந்தே இருந்தது. குறுக்கே நிற்காமல் இருப்பதுதான் என் வேலை.

பிறகு நெருப்பு மூட்டினேன், சின்னதாக. நான்கு மணிக்குள் அறை பழைய சூட்டுக்கு வந்துவிட்டது.

வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஏதாவது நின்றுபோனால், அதில் கடைசியாக நீங்கள் எதை மாற்றினீர்கள் என்று முதலில் உங்களையே கேளுங்கள். ஒரு மாற்றம் செய்த அன்றைக்கு வேலை செய்தது என்பதற்காக அது சரி என்று எழுதிவிடாதீர்கள். சில பிழைகளுக்கு ஒன்பது நாள் தேவை. சூடு போய்ச் சேரவில்லை என்றால் நெருப்பைக் கூட்டுவதற்கு முதல் குழாயோடு நடந்து போங்கள், கையால் தொட்டுக்கொண்டு. உங்களிடம் இப்போது இருக்கிற மானிகள் எல்லாம் நல்லவைதான், ஆனால் ஒவ்வொன்றும் தான் இருக்கிற இடத்தைப் பற்றி மட்டும்தான் சொல்லும். “மூன்று மணித்தியாலம் ஆகும்” என்று சொல்ல வேண்டி வந்தால், குறைத்துச் சொல்லாதீர்கள். நான் அன்றைக்கு ஒரு மணித்தியாலம் என்று சொல்லியிருந்தால், சிஸ்ரர் குழந்தைகளைப் போர்வையில் சுற்றி வைத்துவிட்டுக் காத்திருந்திருப்பார்.

மூன்று குழந்தைகளும் அந்த நாளைத் தாண்டினார்கள். அவர்களில் ஓர் ஆண்குழந்தை பிறகு கிருமித்தொற்றில் இறந்துபோனது. மற்ற இருவரும் வீட்டுக்குப் போனார்கள். றீற்றாவுக்கும் காய்ச்சல் விட்டது. தொண்ணூற்றைந்தில் எல்லாரும் இடம்பெயர்ந்தபோது அந்தக் குடும்பம் எந்தப் பக்கம் போனது என்று எனக்குத் தெரியாது.

ஆனால் அன்றைக்கு மாலை நடந்த ஒன்று இருக்கிறது. அது எந்தக் கைநூலிலும் வராது.

அறை சூடானதும் நான் மரியநாயகத்துக்கு முன்னால் போய் நின்றேன். அவர் மூன்று மணித்தியாலத்துக்கு மேலாக அசையாமல் இருந்திருந்தார். சிஸ்ரர் எழும்பலாம் என்று சொல்லியும் எழும்பவில்லை.

“தம்பி, பிழை என்னிலைதான். அந்தக் குழாயை அப்பிடி ஏத்தினது நான். அதாலைதான் அறை குளிர்ந்தது. உங்கடை பிள்ளைக்கு ஏதும் நடந்திருந்தால் அதுக்கு நான்தான் காரணம்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“அண்ணை, இந்த அறையைச் செய்ததும் நீங்கள்தானாம். மிஸி சொன்னவா.” பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்தார். “நான் காலமையிலை இருந்து ஒண்டுக்குப் போகேல்லை. ஒருக்காப் பிடிக்கிறீங்களோ?”

நான் பின்வாங்கினேன். கை முழுக்கக் கரியும் இரும்புத்தூளும். சிஸ்ரர் சவர்க்காரத் துண்டையும் ஒரு சட்டி வெந்நீரையும் கொண்டுவந்து வைத்தார். முழங்கை வரை மூன்று தரம் கழுவ வைத்தார். நகத்துக்குள் பார்த்தார். பிறகு சுவரோடு சாய்ந்து இருக்கச் சொல்லி, குழந்தையை எடுத்து என் நெஞ்சில் வைத்தார்.

அந்த அறையைக் கட்டி ஒரு வருடம். அதற்குள் இருந்த ஒரு குழந்தையையும் நான் அதுவரை தொட்டதில்லை. கதவுக்கு இந்தப் பக்கம்தான் என் வேலை. ஒரு சீப்பு வாழைப்பழத்தின் பாரம்கூட அந்தக் குழந்தைக்கு இல்லை. காது என் நகத்தளவு. தகப்பனின் சூடு இன்னும் அதன் உடம்பில் இருந்தது. முதலில் அது அசையவில்லை. நான் பயந்துபோய் சிஸ்ரரைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். பிறகு, என் சதையோடு சதையாக, மிக வேகமாக, மிகச் சின்னதாக ஒரு துடிப்பை உணர்ந்தேன். எண்ண முயன்றேன், எண்ண முடியவில்லை.

மரியநாயகம் திரும்பி வந்து கையை நீட்டினார்.

“தாங்கோ அண்ணை.”

“இன்னும் ஒரு நிமிஷம்” என்றேன்.